கண்ணாடியில் ஒரு கோடு

இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின் மேலும் 68 என்று எழுதியிருந்தது.

நீலப் பீப்பாய் எங்கள் கோல்டு ஸ்டோரேஜின் பழைய கம்ப்ரசருக்கு. வெள்ளைப் பீப்பாய் போன வருடம் வந்த புதியதற்கு. ஏப்ரல் முதல் வாரம் நீலப் பீப்பாய் காலியாகிவிட்டது. பழைய மெஷினில் அளவு காட்டும் கண்ணாடியில் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மானேஜர் தசரதராமய்யா ஒரு கல்யாணத்துக்கு நரசராவ்பேட்டை போயிருந்தார். வாசலில் மிளகாய் லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. புதியது மட்டும் ஓடினால் போதாது; பழையதை நிறுத்தினால் மிளகாய் வைக்கும் நான்கு அறைகளும் சூடேறும்.

வெள்ளைப் பீப்பாயிலிருந்து ஐந்து லிட்டர் எடுத்துக் கைப்பம்பால் ஏற்றினேன்.

முதலில் விரலால் தொட்டுப் பார்த்தேன். நிறம் ஒன்றுதான். வழவழப்பும் ஒன்றுதான். எண் ஒன்றுதான்.

இரண்டு நாளில் நீலப் பீப்பாய் வந்தது. அதன் பிறகு அதையே ஏற்றினேன். இதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஏதும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

அந்த வாரம் ஒரு காலையில் மின்சாரம் போனது. மெஷின் நின்றது. கண்ணாடியில் நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெயின் நடுவே ஒரு கோடு விழுந்தது. மேலே தெளிவாக ஒரு எண்ணெய். கீழே மங்கலாக இன்னொன்று. துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். கோடு உள்ளே இருந்தது.

மின்சாரம் வந்தது. மெஷின் ஓடியது. கோடு நுரையில் கலந்து மறைந்தது.

ஒரு வாரம் கழித்து எண்ணெய் வடிகட்டியைத் திறந்தேன். வலை முழுவதும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெல்லப்பாகு போல இழுபட்டது. கத்தியால் சுரண்டிக் காகிதத்தில் சுற்றிச் சுவருக்கு அப்பால் எறிந்தேன்.

புது மெஷினைப் பொருத்திய விஜயவாடா மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"ஒரு சந்தேகம் சார். அந்த எண்ணெயும் இந்த எண்ணெயும் கலந்தா என்ன ஆவும்?"

"யாரு கலந்தது?"

"யாரும் இல்ல. சும்மா கேக்குறேன்."

"சும்மா கேக்குற கேள்வியா இது? ரெண்டும் வேற வேற ஜாதி. பசையாயிடும். காஸோட போயி குழாய்ல எல்லாம் ஒக்காந்துக்கும். வால்வுல ஒட்டும். அப்புறம் மொத்தத்தையும் நிறுத்தி, காஸ எறக்கி, கழுவி எடுக்கணும். ஒரு வாரம். எந்தக் கோல்டு ஸ்டோரேஜ் தம்பி நீ?"

போனை வைத்துவிட்டேன்.

மே மாதம் தொடங்கியிருந்தது. வெளியே நாற்பத்துநான்கு டிகிரி. உள்ளே எண்பதாயிரம் மூட்டை மிளகாய். ஒரு வாரம் நிறுத்தினால் மிளகாயின் சிவப்பு போய்விடும். சிவப்பு போனால் விவசாயிகள் வாசலில் வந்து உட்காருவார்கள். காரணம் கேட்பார்கள். என்னைக் கை காட்டுவார்கள். என்னைக் காட்டினால் பாவாவையும் காட்டுவார்கள்.

பாவா என்பது என் அக்காவின் கணவர் கோட்டய்யா. எனக்கு இந்த வேலை வாங்கித் தந்தவர். மானேஜர் முன்னால் என் தோளில் கை போட்டு, "இவன் செய்றதுக்கெல்லாம் நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் சேர்த்துவிட்டார். மெஷின் அறையில் நாங்கள் இரண்டே பேர். எண்ணெய் ஏற்றுவது என் வேலை. எண்ணெய் இறக்குவது அவர் வேலை.

மெஷினுக்கு ஊற்றும் எண்ணெயில் கொஞ்சம், குளிரூட்டும் அமோனியா காஸோடு சேர்ந்து எப்போதும் வெளியே ஓடும். குழாய்களைச் சுற்றிவிட்டு, அடியில் இருக்கும் இரும்புச் சட்டியில் வந்து தங்கும். செவ்வாய்க்கிழமை தோறும் பாவா சட்டிக்குள் காஸ் வரும் மேல்வால்வை மூடி, அரை மணி நேரம் காத்திருந்து, கீழ்வால்வைத் திறந்து வாளியில் பிடிப்பார். கீழ்வால்வுக்கு ஸ்பிரிங் வைத்த பிடி. கையை விட்டால் தானே மூடிக்கொள்ளும். காஸ் முகமூடி சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி மானேஜரின் மேஜையில். பாவா ஈரத் துண்டை வாயில் கட்டிக்கொள்வதோடு சரி.

இருபது வருடம் மிளகாய் யார்டில் ஹமாலியாக மூட்டை சுமந்தவர் அவர். மூக்கு என்றோ செத்துவிட்டது. "அமோனியாவா? எனக்கு அது அத்தர்டா" என்பார்.

மே மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வாளியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு டம்ளர் அளவு கிடந்தது.

"பாத்தியா ஆஞ்சி? போன மாசம் அரை வாளி வந்துச்சு. இப்ப இவ்ளோதான். மெஷின் குடிக்கிறத விட்டுடுச்சு. உன்ன மாதிரி இல்ல."

"நான் எங்க பாவா குடிக்கிறேன்?"

"சங்கராந்திக்கு எங்க வீட்டுக் கோழிக்கூண்டுல தூங்குனது யாரு? உங்க அக்கா கதவத் தொறந்து கோழின்னு நெனச்சு உன் கால இழுத்தா."

சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. வெளியே ஷெட்டில் ஹமாலிகளும் இருமிக்கொண்டிருந்தார்கள். கோடையில் எங்கள் ஊரில் இருமல் யாரையும் திரும்ப வைக்காது.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை நான் இரண்டு லிட்டர் ஏற்றிக்கொண்டிருந்தேன். நீலப் பீப்பாயின் பின்பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கோடு போட்டு வைத்தேன். உள்ளே போவது எனக்குத் தெரியும். வெளியே வருவது அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் நான் மட்டும்தான்.

மூன்றாவது செவ்வாய் கால் டம்ளர் வந்தது. கறுப்பாக இருந்தது. பாவா விரலால் தொட்டு, பெருவிரலோடு சேர்த்து ஒட்டிப் பிரித்துப் பார்த்தார்.

"என்னடா இது, புளியங்கொழம்பு மாதிரி?"

"பழைய எண்ணெய் பாவா. வெயிலு."

"வெயிலுக்கு எண்ணெய் எளகும்டா. எறுகாது."

பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். அக்கா கொடுத்தனுப்பிய கோங்கூரா கீரைச் சோற்றை எனக்கும் உருட்டித் தந்தார்.

அடுத்த ஏழு நாளில் இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை மானேஜர் உள்ளே வந்தார். இன்னொரு தடவை யாரும் வரவில்லை.

நான்காவது செவ்வாய். காலை பத்து மணி. மானேஜர் வங்கிக்குப் போயிருந்தார். பாவா மேல்வால்வை மூடினார். இறுக்கமாகத் திருகி, கையை உதறினார்.

"இதுவும் மெத்துன்னு இருக்கு. மூடுதா இல்லையான்னே தெரியல."

அரை மணி காத்திருந்தார். துண்டை நனைத்துக் கட்டினார். கீழ்வால்வின் பிடியை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. விட்டார். மறுபடி இழுத்தார்.

"சொட்டுகூட வரல. அடைச்சிருக்கு."

கதவுக்குப் பின்னால் செருகியிருந்த குடைக்கம்பியை எடுத்தார்.

"குத்தாத பாவா."

"ஏன்? அதுக்கு வலிக்குமா?"

"பாவா, நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். வெள்ளைப் பீப்பாய், கோடு, வடிகட்டி, விஜயவாடா எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாயைத் திருப்பிச் சுண்ணாம்புக் கோடுகளைக் காட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பத்தெட்டு.

துண்டை வாயிலிருந்து கீழே இறக்கினார்.

"மானேஜருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்க அக்காவுக்கு?"

"இல்ல."

"அப்ப எனக்குத்தான் மொதப் பத்திரிகை. ரொம்ப மரியாதை."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னண்டுக்கு மானேஜர் வந்துடுவாரு. அதுக்குள்ள இத எறக்கிடணும். எறக்கிட்டா ஒண்ணும் நடக்கல. நீயும் ஊத்தல, நானும் பாக்கல."

"நிறுத்திட்டுத்தான் செய்யணும்னு அந்த மெக்கானிக் சொன்னாரு."

"நிறுத்துனா ஏன் நிறுத்துனன்னு கேப்பாங்க. விஜயவாடாக்காரனா வந்து பதில் சொல்லப் போறான்?"

"வேணாம் பாவா. மானேஜர்கிட்ட நானே சொல்லிடுறேன்."

"சொல்லிட்டு எங்க போவ? உன் அக்கா எங்க போவா? வாய மூடிட்டு வாசல்ல நில்லு. யாரையும் உள்ள விடாத."

வாசலில் போய் நின்றேன். கதவை எனக்குப் பின்னால் அவரே சாத்தினார்.

ஷெட்டில் ஹமாலிகள் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் மிளகாய்த்தூள் சிவப்பாக மிதந்தது. ஒருவன் சொம்போடு வந்தான்.

"உள்ள பானைத் தண்ணி ஜில்லுனு இருக்கும்ல அண்ணா?"

"இப்ப இல்ல. அப்புறம் வா."

"உள்ள என்ன, கல்யாணமா நடக்குது?"

"போடா."

போனான். உள்ளே ஒரு இருமல் கேட்டது.

நான் அசையவில்லை. மிளகாய் என்று நினைத்தேன். இன்னொரு இருமல். ஷெட்டில் யாரோ பதிலுக்கு இருமினார்கள். யாரும் திரும்பவில்லை. மூன்றாவதாக ஒன்று கேட்டது, பாதியில் அறுந்தது. நான்காவது வரவில்லை.

கதவின் அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்து என் பாதங்களை மூடியது. குளிர்ந்தது.

ஷெட்டுக்கு ஓடி அந்த ஹமாலியின் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினேன். அதில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. சட்டையைக் கழற்றி நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். தரை கறுப்புப் பசையில் வழுக்கியது. சட்டியிலிருந்து சீறல் கேட்டது. என் கை கீழ்வால்வின் மேல் பட்டது. பிடி திறந்தே நின்றது. வால்வின் வாய்க்குள் குடைக்கம்பி சிக்கியிருந்தது. ஸ்பிரிங் மூடப் பார்த்தும் கம்பி விடவில்லை. இழுத்தேன். வரவில்லை. விரலில் தோல் உரிந்தது.

பாவாவின் கால் தட்டுப்பட்டது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு நடந்தவை மற்றவர்கள் சொல்லித் தெரிந்தவை. யாரோ மெயின் சுவிட்சை இறக்கினார்கள். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சியது. ஹமாலிகள் பாவாவைத் தொட்டித் தண்ணீரில் முகத்தோடு அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அவரைப் பார்க்கவிட்டார்கள். இரண்டு கண்களிலும் கட்டு. ஒரு கண் போய்விட்டது, மற்றதைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கடா இருந்த?" என்றாள்.

"வாசல்ல."

"வாசல்ல என்ன செஞ்ச?"

தசரதராமய்யா உள்ளே வந்தார். ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்திருந்தார். ஜன்னலில் வைத்தார்.

"கோட்டய்யா, என்ன ஆச்சு? விசாரணைக்கு வராங்க. நான் ஒண்ணு எழுதணும்."

நான் வாயைத் திறந்தேன். பாவாவின் கை கட்டிலின் மேல் ஊர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. விரல்கள் இறுகின.

"வால்வு பழசு சார்" என்றார். குரல் காற்றாக வந்தது. "பழைய வால்வு."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் மானேஜர். "ஆஞ்சி, நீ என்ன சொல்ற?"

கை விடவில்லை.

"பழசுதான் சார்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள்.

கீழே ஒரு புது வால்வு போட்டார்கள். காஸ் நிரப்பினார்கள். ஐந்தாம் நாள் மெஷின் ஓடியது. மிளகாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அறைகளைத் திறந்து பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது.

தரையிலிருந்த பசையைச் சுரண்டி அள்ளியது நான்தான். தண்ணீரில் போனதையும் சேர்த்தால் பத்து லிட்டர் இருக்கும். பீப்பாயின் பின்பக்கம் பத்துக் கோடுகளை ஈரத்துணியால் அழித்தேன். இன்னும் குழாய்களுக்குள் இருப்பதற்கு இருபத்தெட்டுக் கோடுகள் மிச்சம் இருந்தன.

திங்கட்கிழமை கண்ணாடியில் எண்ணெய் மறுபடி இறங்கியிருந்தது. இரண்டு லிட்டர் ஏற்றினேன். இரண்டு கோடு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மானேஜர் மெஷின் அறைக்கு வந்தார். முகமூடிப் பெட்டியின் சாவியை என் கையில் வைத்தார்.

"இனிமே எறக்குறதும் நீதான். வேற ஆளு இல்ல."

"சரி சார்."

"பாத்து செய்."

அவர் போனபின் பெட்டியைத் திறந்தேன். முகமூடியின் ரப்பர் கையோடு பிய்ந்து வந்தது. அதை உள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

பாவாவின் துண்டு ஆணியில் தொங்கியது. அக்கா துவைத்து அனுப்பியிருந்தாள். அதை நனைத்துக் கட்டிக்கொண்டேன். மேல்வால்வைத் திருகினேன். அதை மாற்றவில்லை. கைக்கு மெத்தென்று இருந்தது. அரை மணி காத்திருந்தேன். வெளியே ஹமாலிகள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

புது வால்வின் பிடியை இழுத்தேன்.

ஒன்றும் வரவில்லை.