தெருமுனையில் சேர்ந்துகொள்பவள்

"இன்னிக்காவது முன்வாசல் வழியா வரட்டுமா, மாமா?" என்று கஸ்தூரி கேட்டதும் ராஜமாணிக்கம் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"கோச்சுக்காதம்மா. மெட்ராஸ்லேர்ந்து டூர் ஏஜெண்ட் ஆதிமூலம் சாரே வந்திருக்காரு. அவரு புடிச்சிருக்குன்னு சொல்லிட்டா, சீசன் பூரா கூட்டம் கூட்டமா ஆளுங்கள அனுப்புவாரு. நல்ல காரியத்துக்குக் கெளம்பறோம். உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். ராஜமாணிக்கம் அவள் கணவனின் அண்ணன். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி லாட்ஜ் வைத்திருந்தார். தம்பி செத்தபின் அவளுக்கு மாடியில் ஓர் அறை கொடுத்தார். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவள், இங்கிலீஷ் பேசுவாள் என்று நினைவு வந்ததும் வேலையும் கொடுத்தார். லாட்ஜில் தங்கும் வெள்ளைக்காரர்களைக் காலையில் சைக்கிளில் மலை சுற்றும் பாதையில் அழைத்துப் போக வேண்டும். பிறகு ஊருக்குள் சைக்கிளை நிறுத்திவிட்டு மாட வீதிகளில் நடத்திப் போய், கோயில் கோட்டையாக இருந்த காலத்தையும் அதைச் சுற்றி நடந்த சண்டைகளையும் சொல்ல வேண்டும். எந்த வழியில் போவது, எந்த நிழலில் நிற்பது, எதை எங்கே சொல்வது எல்லாம் அவள் யோசித்து வகுத்ததுதான். புறப்பாடு மட்டும் அவளுடையதில்லை.

புறப்படும்போது தாலியறுத்தவள் முகம் எதிர்ப்படக் கூடாது. அதனால் கஸ்தூரி துவைக்கிற கல்லைத் தாண்டிப் பின்கதவைத் திறந்து, சாக்கடைச் சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நிற்பாள். முன்வாசலில் அவள் ஓரகத்தி ரேணுகாம்பாள் தலை நிறையப் பூவோடு, நிறைகுடம் ஏந்தி எதிரே வருவாள். வெள்ளைக்காரர்கள் அதைப் போட்டோ எடுப்பார்கள். கூட்டம் முனைக்கு வந்ததும் கஸ்தூரி சேர்ந்துகொள்வாள்.

எங்கே போயிருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், சாலை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன் என்பாள். அந்தப் பொய்யை ராஜமாணிக்கம் சொல்லித் தரவில்லை. அவளே செய்தது. அதை நினைக்கும்போதுதான் அவர்மேல் வருகிற கோபம் பாதி வழியில் திரும்பி அவள்மேலேயே பாயும். முன்னூறு வருஷத்துப் பொய்களைப் பிரித்துக் காட்டுகிறவளுக்குத் தன் காலை நேரத்துப் பொய்யைப் பிரிக்கத் துணிவில்லை.

இன்றும் சந்தில் நின்றாள். முன்பக்கம் சிரிப்பும் காமிராச் சத்தமும் கேட்டன. "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க!" என்று ஆதிமூலத்தின் குரல். ரேணுகாம்பாள் வெட்கப்பட்டு என்னவோ சொன்னாள். கஸ்தூரி சைக்கிளைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்; வந்து கேட்டவர்களிடம் அதே பொய்யைச் சொன்னாள்.

வழக்கமாக வாசலோடு நின்றுவிடும் ராஜமாணிக்கம், ஆதிமூலத்துக்காக இன்று கூடவே சைக்கிள் மிதித்து வந்தார். பாதை திரும்பும் இடத்தைத் தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நின்ற நடுகல்லருகே எல்லாரும் இறங்கினார்கள். கல்லில் வாள் பிடித்த ஒருவன். பக்கத்தில் ஒரு பெண், வளையல் அணிந்த கையை உயர்த்தியபடி. போரில் செத்தவனோடு தீயில் இறங்கியவள். சுமங்கலிகள் பூசிய மஞ்சள் அவள் முகத்தை மூடியிருந்தது.

கஸ்தூரி இங்கே எப்போதும் சொல்வது ஒன்றுதான். கல்லில் அவன் பெயர் இருக்கிறது, அவனைக் கொன்றவன் பெயர் இருக்கிறது, அவன் மீட்ட மாடுகளைப் பற்றிக்கூட ஒரு வரி இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜமாணிக்கம் முந்திக்கொண்டார். "கிரேட் வைஃப்! ஹஸ்பெண்ட் டை, ஷி ஜம்ப். ஸ்மைலிங்!" என்று தானும் சிரித்துக் காட்டினார்.

நரைத்த தலையோடு ஒரு பிரெஞ்சுக்காரி கஸ்தூரியிடம் திரும்பினாள். "எல்லாருமா குதித்திருப்பார்கள்? குதிக்காதவர்களை என்ன செய்தார்கள்?"

"என்ன கேக்கறாங்க?" என்றார் ராஜமாணிக்கம்.

"குதிக்காதவங்கள என்ன பண்ணீங்கன்னு கேக்கறாங்க, மாமா."

"அப்படி யாரும் கெடையாதுன்னு சொல்லிடும்மா. நம்ம ஊர்ப் பேரு கெடும்."

கஸ்தூரி இங்கிலீஷில் சொன்னாள். "அவர்களைப் பின்கதவு வழியாக அனுப்பினார்கள். தெருமுனையில் வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். காலையில் சாலையைப் பார்க்கப் போனேன் என்று உங்களிடம் சொன்னது பொய். என் கணவர் இறந்துவிட்டார். புறப்படும் நேரத்தில் என் முகம் ஆகாது. அதனால் சாக்கடைச் சந்தில் நின்றேன்."

பிரெஞ்சுக்காரி காமிராவைக் கீழே இறக்கினாள். ஆதிமூலம்தான் கையைத் தட்டினார்.

"மேடம், பிரமாதம்! எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ராஜமாணிக்கம், இத தினமும் வெச்சுக்கலாம்யா. அந்தச் சந்துலேர்ந்தே டூர ஆரம்பிங்க. பின்கதவு, அந்தச் சாக்கடை, இவங்க நிக்கறது, எல்லாத்தையும் காட்டுங்க. அப்பறம் நேரா இந்தக் கல்லு. எந்த ஊர்லயும் இந்த மாதிரி கெடையாது!"

ராஜமாணிக்கத்தின் முகம் ஒரு நொடியில் மாறியது. "அதுக்கென்ன சார்! நாளையிலேர்ந்து கஸ்தூரியே மொதல்ல நிக்கட்டும். இந்தக் காலத்துல சகுனமெல்லாம் யாரு பாக்கறா?"

கஸ்தூரி அவரையே பார்த்தாள். அவர் சகுனத்துக்கு உண்மையாகவே பயந்திருந்தார் என்றுதான் இத்தனை நாளும் அவள் நம்பியிருந்தாள். பயந்தவனை மன்னிக்கலாம் என்று, அந்தச் சந்தில் நின்ற ஒவ்வொரு காலையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பயம் இவ்வளவு லேசாகக் கழன்று விழும் என்றால், அதற்குக் கீழே குனிந்து குனிந்து போனவள் யார்?

"அப்ப இத்தன நாளா யாரு மாமா பாத்தது?"

"சும்மா இரும்மா. நல்லா முடியற நேரத்துல..."

"நான் வரக்கூடாதுன்னு சொன்னதும் நீங்க. இப்ப வேடிக்க காட்ட வாடின்னு கூப்புடறதும் நீங்க. நான் என்ன, உங்க லாட்ஜ் போர்டா? வேணும்னா மாட்டறதுக்கும் வேணாம்னா கழட்டறதுக்கும்?"

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆதிமூலம் நெருங்கி வந்தார். "உங்களுக்குத்தான் பேரு. நோட்டீஸ்லயே உங்க போட்டோவப் போடறோம்."

"நெத்தியில பொட்டு இல்லாமதானே?" என்றாள் கஸ்தூரி.

அவள் விருந்தினர் பக்கம் திரும்பி, இன்றைய பயணம் இங்கே முடிகிறது என்றாள். "நாளைக் காலை தேரடியில் நிற்பேன். ஊரின் கதையைக் கேட்க விரும்புகிறவர்கள் நடந்து வரலாம். என் கதையைச் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதித்தாள்.

"சைக்கிள் என்னுது!" ராஜமாணிக்கம் பின்னாலிருந்து கத்தினார். "அந்த ரூமும் என்னுது! ஞாபகம் இருக்கட்டும்!"

அவள் இறங்கினாள். சைக்கிளைச் சாலையோரம் ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியை அதன் சீட்டின் மேலேயே வைத்தாள். இரவு எங்கே படுப்பது என்ற கேள்வி எழுந்தது. ஊருக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. நடந்தாள்.

சிறிது நேரம் கழித்து, இங்கிலீஷில் பேச்சும் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருகிற சத்தமும் பின்னால் கேட்டன. இருவரா, மூவரா, தெரியவில்லை. கஸ்தூரி திரும்பவில்லை. திரும்பினால் அழுகை வந்துவிடும். அழுதால் கோபம் தணிந்துவிடும். அவளுக்கு அது இன்னும் தேவைப்பட்டது.