கொடுவாத் தலை

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சரி, அது ஊருக்கு. உயிர்த் தோழியின் வாய்க்கும் ஒரு மூடி தேட வேண்டியிருக்கும் என்று அமலராணி கனவிலும் நினைத்ததில்லை.

கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த மூன்று பேரும் அன்று அஸ்தினாபுரம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். பிரியாணி கிரியாணி எல்லாம் இல்லை. சோறு, மாங்காய் போட்ட கொடுவா மீன் குழம்பு, ரசம், அப்பளம். ஜெரூஷாவுக்கு மீன் தலை என்றால் உயிர். அதற்காகவே அமலராணி காலையில் மார்க்கெட்டுக்குப் போய், "தலையை ரெண்டாப் போட்டுடாதீங்கண்ணா, முழுசா வேணும்" என்று சொல்லி வாங்கி வந்திருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன்னை யாரும் 'ஐயோ பாவம்' என்று பார்க்காத ஒரு சாயங்காலம். புருஷன் ஜாய்சன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கரணையில் தனி வீடு பார்த்துப் போய்விட்டான். பெற்ற அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. ஜெரூஷா ஒருத்தியிடம் மட்டும், "யார்கிட்டயும் மூச்சு விடாதடி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனில் அழுதிருந்தாள். மற்ற இருவருக்காக அவனுடைய பழைய ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தாள். கேட்டால் சொல்ல, 'ஆபீஸ் வேலையா பெங்களூர் போயிருக்கார்' என்று பொய்யும் தயார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். இருக்கட்டுமே! அவள் வீடு, அவள் சோறு, அவள் பூசணிக்காய்.

வந்தார்கள். குழம்பு வாசனையை மூக்கு விரிய இழுத்தார்கள், பழைய வார்டனைக் கிண்டல் செய்து சிரித்தார்கள். ஆனால் ஜாய்சன் எங்கே என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. அது அவளுக்கு லேசாக உறுத்தியது.

சோறு பரிமாறியாயிற்று. அமலராணி கத்தோலிக்கக்காரி. இரண்டு வரி சொல்லிச் சிலுவை போட்டால் அவளுக்குச் சாப்பாட்டு ஜெபம் முடிந்தது. ஆனாலும் விருந்தாளிக்கு மரியாதை என்று, நீளமாக ஜெபிக்கிற சபைக்காரியான எப்சியிடம், "எப்சி, நீ ஜெபம் பண்ணேன்" என்றாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அங்கேதான்.

எப்சி முந்தானையைத் தலையில் போட்டுக் கண்ணை மூடினாள். "அன்பின் பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை ஆயத்தம் பண்ணின அமலாவை நினைத்தருளும். புருஷனால் கைவிடப்பட்ட இந்த மகளுடைய கண்ணீரைத் துடையும். ஜாய்சனுடைய கல்லான இருதயத்தை உடைத்து, பள்ளிக்கரணையிலிருந்து அவரை..."

"ஆமென்!" என்று கத்தினாள் அமலராணி. கரண்டி மேஜையில் விழுந்து குழம்பு தெறித்தது.

"இன்னும் முடியலடி..." என்றாள் எப்சி, பாதிக் கண்ணைத் திறந்து.

"முடிஞ்சிடுச்சு. யார் சொன்னா உனக்கு?"

எப்சி திருதிருவென்று விழித்தாள். "ஜெபக் குழு வாட்ஸப்ல வந்துச்சு. எல்லாரும் உனக்காக உபவாசம் கூட..."

அமலராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஜெரூஷா பக்கம் திரும்பினாள்.

"ஜெபக் குறிப்புதான்டி குடுத்தேன்" என்றாள் ஜெரூஷா. "பேரே போடல. அஸ்தினாபுரம் சகோதரின்னுதான் போட்டேன். உன் நல்லதுக்குத்தான்."

"ஓகோ! ஆண்டவருக்கு என் அட்ரஸ் தெரியாது, நீ குரூப்ல போட்டுத்தான் அவர் கண்டுபிடிக்கணும்! ஏன்டி, உனக்குச் சத்தியம்னா அவ்வளவு இளக்காரமா?" மூன்றாமவள் துர்கா தட்டைவிட்டுத் தலை நிமிராமல் இருந்தாள். அமலராணி அவளைப் பார்த்தாள். "நீ கோயிலுக்குப் போறவ. நீ எந்த ஜெபக் குழுவுல இருக்கே, துர்கா?"

துர்கா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள். "நான் எதுலயும் இல்ல அமலா. போன வாரம் தாம்பரத்துல டிரெஸ் எடுக்கப் போனோம். அப்ப ஜெரூஷாதான் பேச்சுவாக்குல..."

ஜெபம் என்று போர்த்திக்கொண்டிருந்த ஜெரூஷாவுக்கு அதற்கு மேல் போர்த்திக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

அமலராணி எழுந்து போய் வாசலில் இருந்த ஷூவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கை கழுவினாள். திரும்பி வந்து, சட்டியிலிருந்து கொடுவாத் தலையை உடையாமல் அள்ளி ஜெரூஷாவின் தட்டில் வைத்தாள்.

"உனக்குன்னு வாங்கினது. தின்னு."

"அமலா, மன்னிச்சிடுடி..."

"அழாதே. குழம்புல உப்பு சரியாத்தான் இருக்கு. தின்னுட்டுக் கிளம்பு. போற வழியில தாம்பரம் வரைக்கும் யார்கிட்ட வேணா சொல்லிக்கோ, அமலா நல்லா சமைச்சான்னு. அதை மட்டும் சொல்லு."