லூசியா கோயிலின் முதல் உரிமம்

பண்டமாரானுக்குப் போகும் பழைய சாலையோரம் இருக்கிற புனித லூசியா தேவாலயத்துக்கு நூற்றாண்டு விழா எடுப்பதென்று முடிவானது. நூற்றாண்டு எந்த வருடம் நிறைவடைகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சின்ன விஷயத்துக்காக விழாவை நிறுத்த முடியுமா? மண்டபம் பிடித்து, கேட்டரிங்கும் சொல்லியாகிவிட்டது.

வரலாறு எழுதும் வேலை பிலோமினாவிடம் வந்தது. கிள்ளானில் முப்பது வருடம் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார். கோயிலைக் கட்டியது தங்கள் தாத்தாதான் என்று பதினேழு குடும்பங்கள் சொல்லின. அத்தனை சிறிய கட்டடத்தில் பதினேழு தாத்தாக்கள் இடித்துக்கொள்ளாமல் நின்று செங்கல் அடுக்கியதே ஒரு புதுமைதான். விழாக்குழுத் தலைவர் திருச்செல்வத்தின் தாத்தா ஞானப்பிரகாசம் மட்டும் இன்னும் ஒரு படி மேல். அவர் கனவில் லூசியம்மாளே வந்து இடத்தைக் காட்டினாராம்.

பிலோமினாவுக்குக் கனவு போதவில்லை. கோலாலம்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஆறு தடவை ரயிலேறினார். ஆறாவது தடவை 1921ஆம் வருட ரப்பர் தோட்ட வரைபடமும் ஓர் உரிமமும் கிடைத்தன. கோயில் நிற்கும் அதே இடத்தில், அதே கட்டடத்தில், கள்ளுக்கடை. கடையை மூடிய பிறகு, 1936இல், தோட்ட நிர்வாகம் கட்டடத்தைப் பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறது. பீடம் இருக்கும் பக்கம்தான் பீப்பாய்கள் இருந்தன. உரிமத்தில் கடைக்காரர் பெயர்: ஞானப்பிரகாசம்.

குழுக் கூட்டத்தில் திருச்செல்வம் குதித்தார்.

“என்னா டீச்சர் இது! கோயில் புக்குல கள்ளுக்கடைன்னு போடப் போறீங்களா?”

“பேப்பர்ல அப்படித்தானே இருக்கு அண்ணே.”

“ரப்பர் ஸ்டோர்னு மாத்திடுங்க லா. யாருக்குத் தெரியப் போவுது?”

குழு ஒருமனதாக ரப்பர் ஸ்டோரை ஏற்றுக்கொண்டது. முன்னும் பின்னும் அந்தக் குழு எதிலும் ஒருமனப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. பிலோமினா கோப்பை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். கோயிலை இடிக்க வேண்டும். குழுவினர் அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்கள். அதிகாரி யுகேந்திரன் பொறுமையாகச் சொன்னார்: “நூறு வயசு தாண்டின கட்டடம்னா ஹெரிட்டேஜ்ல சேர்த்து சாலைய வளைச்சுக் கொண்டுபோலாம். புரூஃப் இருக்கா?”

ஞானஸ்நானப் பதிவேடு 1936இல் தொடங்குகிறது. கோயிலுக்கு எண்பத்தொன்பது வயதுதான். கள்ளுக்கடைக்குத்தான் நூற்று நான்கு. கனவுக்குத் தேதி இல்லை.

மறுநாள் காலை திருச்செல்வம் பிலோமினாவின் வீட்டு கேட்டைத் தட்டினார். கையில், அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த தாத்தாவின் படம். கதர்ச் சட்டையோடு கோயில் வாசலில் கம்பீரமாக நிற்கும் படம்தான். சோபாவில் உட்கார்ந்து பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினார். சட்டத்துக்குள் மடித்து வைத்திருந்த மேல்பகுதி விரிந்தது. தாத்தாவின் தலைக்கு மேலே பலகை: ‘கள்ளுக்கடை, 1921’.

“நான்தான் மடிச்சேன் டீச்சர். எனக்குக் கல்யாணம் பேச வந்தாங்க அப்போ.” அவர் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நல்ல மனுஷன். கடைய மூடச் சொல்லி ஊர்க்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கினதும் அவரேதான்னு அப்பா சொல்லியிருக்காரு. அத நாங்க யாருக்குமே சொல்லல. சொன்னா கடையையும் சொல்லணுமே.”

ஒரு வாரமாக அவரைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைப் பிலோமினா அப்படியே விட்டுவிட்டார். டீ போட எழுந்தார்.

படத்தையும் உரிமத்தையும் பார்த்த யுகேந்திரன் அன்றே கோப்பில் எழுதினார். சாலை இப்போது கோயிலை ஒதுங்கிக்கொண்டு போகிறது. மூன்று மாதம் தள்ளி நடந்த விழாவில், நூற்றாண்டு மலரின் முதல் பக்கத்தைத் திருச்செல்வமே மைக்கில் வாசித்தார். ‘கள்ளுக்கடை’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது. பாதர்தான் முதலில் கைதட்டினார்.