ரஜபின் ஒரே விலை

எகிப்தின் தன்தா நகரில், பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓடும் துணிச் சந்தில், ரஜபின் போர்வைக் கடைக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மூவாயிரம் பவுண்டு என்று ஆரம்பிக்கும் பஞ்சுப் போர்வை, இரு தரப்பும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து களைத்த பிறகு, இரண்டாயிரத்துக்குப் போகும். வாங்கியவள் ஜெயித்த முகத்தோடு வீடு திரும்புவாள். ரஜபுக்கும் வேண்டியது கிடைத்திருக்கும்.

இதை ரஜப் தாமே கெடுத்துக்கொண்டார். மைத்துனியின் வீட்டு விருந்துக்குக் கெய்ரோ போனவர், அங்கே ஒரு பெரிய அங்காடிக்குள் நுழைந்துவிட்டார். பொருளுக்குப் பொருள் ஒரு விலைச் சீட்டு. ஜனங்கள் சீட்டைப் பார்த்தார்கள், பணத்தைக் கொடுத்தார்கள், போனார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. விற்றவன் யாருக்கும் டீ வாங்கித் தரவில்லை. அன்றைக்கு விருந்துச் சோறு ரஜபுக்குத் தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவு பொறாமை. ஊர் திரும்பியதும் கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார்: “போர்வை இரண்டாயிரம். ஒரே விலை. பேரம் கிடையாது.”

கடைசியில் சொல்லப்போவதை முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம் என்பது அவர் நினைப்பு. ஆனால் அந்தச் சந்துக்கு வருகிற பெண்களுக்கு முதல் விலை என்பது சண்டைக்கு அழைப்பு. இரண்டாயிரத்தைப் படித்தவள், ஆயிரத்து முந்நூறை மனசில் முடிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“பலகை போட்டிருக்கேம்மா, பார்க்கலியா?”

“பாத்தேன். அது ஊருக்குப் போட்டது. நான் ஊரா உனக்கு? எங்க அப்பா உன் கல்யாணத்துக்கு வந்தவரு.”

“உங்க அப்பாவே வந்தாலும் இதே விலைதாம்மா.”

அவள் எதிர்க்கடை ஷுக்ரியிடம் போய், இதே போர்வையை இரண்டாயிரத்து இருநூறுக்கு வாங்கிக்கொண்டு, ரஜபுக்கு எதிரிலேயே சிரித்தபடி நடந்தாள். ஷுக்ரி மூவாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்திருந்தான்.

இப்படியே ஒரு மாதம் போயிற்று. போர்வைகள் கூரையைத் தொட்டன. ரஜபின் மனைவி இனாயத் சாப்பாட்டைத் தட்டில் வைக்கும் ஓசையே மாறிவிட்டது.

“இந்த வாரம் உம் பத்ரி வர்றாளாம். மகளுக்குச் சீர் எடுக்க. எட்டுப் போர்வை,” என்றாள் இனாயத். “அவ எங்க எடுக்குறாளோ, தெருவே அங்கதான் எடுக்கும். அவளும் எதிர்க்கடைக்குப் போனா, நீங்க பலகையை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க.”

பத்ரியின் அம்மா என்பதால் அவள் உம் பத்ரி; ஹஜ் போய்வந்தவள் என்பதால் கடைக்காரர்களுக்கு ஹாஜ்ஜா. பேரத்தில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை. அவள் சீர் எடுக்கப் போகிறாள் என்றால் பக்கத்து வீட்டுக்காரிகள் சமையலைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடவே கிளம்புவார்கள். வியாழக்கிழமை காலை அப்படித்தான் ஒரு கூட்டத்தோடு வந்தாள். கூட்டத்தின் கடைசியில், கைப்பையை மார்போடு அணைத்தபடி, மாப்பிள்ளையின் அத்தையும் நின்றாள்.

ரஜப் டீ வரவழைத்தார். உம் பத்ரி அதைத் தொடாமல் போர்வையைத் தொட்டாள்.

“ஆயிரத்து இருநூறு.”

“ஒரே விலை, ஹாஜ்ஜா.”

“அது சரி. ஆயிரத்து முந்நூறு.”

“ஹாஜ்ஜா, பலகை.”

“பலகையையும் சேத்துத்தான் கேக்குறேன்.”

பெண்கள் சிரித்தார்கள். ரஜப் சிரிக்கவில்லை. உம் பத்ரி எழுந்தாள். “வாங்கடி, ஷுக்ரி உயிரோடதான் இருக்கான்,” என்று வாசல் இறங்கினாள்.

இறங்கிப் போகிறவளைக் கடைக்காரர் கூப்பிட வேண்டும். அந்தச் சந்தின் சட்டம் அது. அவள் கூப்பிடும் தூரத்திலேயே நடந்தாள். ரஜப் கூப்பிடவில்லை. அவள் பக்கத்துக் கடையில் தேவையில்லாத ஒரு பித்தளைச் சட்டியைத் தட்டிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. குனிந்து, வாரே இல்லாத செருப்பைச் சரிசெய்தாள். ஷுக்ரி நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தான். கூப்பிட்டால் பலகை போச்சு, கூப்பிடாவிட்டால் கடை போச்சு. ரஜபின் தொண்டைக்குள் அவள் பெயர் ஏறி ஏறி இறங்கியது.

“ஹாஜ்ஜா,” என்றார் கடைசியில். “டீ ஆறுது.”

விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். உம் பத்ரி எல்லோரும் பார்க்கத் திரும்பி வந்து, உட்கார்ந்து, டீயை எடுத்தாள். மற்றவர்கள் துணிகளைப் புரட்டும்போது குரலைத் தாழ்த்தினாள்.

“மடையா. தையலைப் பாத்துட்டேன். ரெண்டாயிரத்துக்குக் கீழ போனா உனக்கு நஷ்டம். எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் ஹாஜ்ஜா என் உயிரை வாங்குறீங்க?”

“அங்க நிக்கிறா பாரு, சம்பந்தி வீட்டுக்காரி. உம் பத்ரி பலகையைப் படிச்சுட்டு ஊமையாட்டம் பணத்தை எண்ணி வச்சான்னு போய்ச் சொல்லுவா. என் பொண்ணு அந்த வீட்ல வாயத் திறக்க முடியுமா?”

ரஜபுக்கு இது தோன்றியதே இல்லை. அவர் இத்தனை நாளும் போர்வைக்கு மட்டும் விலை போட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப நான் என்ன பண்ண?”

“பஞ்சு விலை ஏறிடுச்சா இல்லியா?”

“ஏறித்தான் இருக்கு.”

“அதை ஏன் மூடி வச்சிருக்க? அந்தப் பலகையைக் கழட்டு. புது விலை சொல்லு. மனசுவிட்டுச் சொல்லு.”

ரஜப் எழுந்து, பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “பஞ்சு ஏறிப்போச்சு. இனி இது மூவாயிரத்து இருநூறு.”

கூட்டம் ‘ஆ’ என்று மூச்சை இழுத்தது. உம் பத்ரி டம்ளரை வைத்தாள். அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. முக்கால் மணி நேரம் நடந்தது அது. அவள் இரண்டு தடவை வெளிநடப்புச் செய்தாள். ரஜப் இரண்டு தடவையும் வேகமாகக் கூப்பிட்டார். அவருடைய தகப்பனாரின் நல்ல பெயர், அவளுடைய முழங்கால் வலி, கெய்ரோக்காரர்களின் கல்மனசு எல்லாம் நடுவில் வந்துபோயின. கடைசியில் அவள், பலகையில் இருந்த பழைய விலைக்கே அவரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“ரெண்டாயிரமா?” ரஜப் தலையில் கை வைத்தார். ஒரு மாதமாக அடக்கிவைத்த குரல் சந்து முழுக்கப் போயிற்று. “என் வீடு பாழாப் போச்சே. இந்தப் பொம்பள என் பிள்ளைங்க வாயில இருந்த ரொட்டியப் பிடுங்கிட்டாளே.”

யாரோ இறந்துவிட்டார்கள் என்று எண்ணி, ஷுக்ரி துடைத்த துணியோடு ஓடி வந்தான். உம் பத்ரி எட்டுப் போர்வைக்கும் பணத்தை வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அத்தையைத் தாண்டும்போது மட்டும் நடையைக் கொஞ்சம் தாமதமாக்கினாள்.

அத்தை போகவில்லை. ரஜபின் எதிரில் வந்து நின்றாள்.

“எனக்கும் ரெண்டு வேணும். அதே விலைக்குக் குடுப்பீங்கதானே?”

“உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்கங்க.”

அவள் நகரவில்லை. கைப்பையின் பிடியைத் திருகினாள்.

“விலை சரிண்ணே,” என்றாள். “அந்தம்மாவுக்குக் கத்தின மாதிரி எனக்கும் கத்துவீங்கள்ல?”