கருமாதி வீட்டில் கேட்ட மன்னிப்பு

பக்ருதீன் ராவுத்தர் குடும்பத்துக்கென்று ஒரு முறை இருந்தது. தங்கள் ஆளால் அடுத்த வீட்டுக்கு ஒரு கேடு வந்தால், அவர்கள் வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருப்பதில்லை. முந்திக்கொண்டு போய் அந்த வாசலில் நின்றுவிடுவது. அவருடைய தகப்பனார், அத்தா, காலத்தில் அவர்களுடைய தோல் பதனிடும் ஷாப்பு லாரி வடமதுரைப் பக்கம் ஒரு மாட்டு வண்டியில் மோதியபோது, போலீஸ் போவதற்கு முன் அவர் போய் நின்றார். வண்டிக்காரனின் சொந்தக்காரர்கள் கையில் கம்போடு இருந்தார்கள். அந்தக் கம்பைக் கீழே போட வைத்துவிட்டுத்தான் திரும்பினார். பேகம்பூரில் வயதானவர்கள் இன்னும் அதைச் சொல்வதுண்டு. பக்ருதீனும் அதைச் சொல்லிச் சொல்லியே தலை நிமிர்ந்து நடந்தவர்.

அதனால்தான் மகனின் சிநேகிதன் அஜித்தின் கருமாதியன்று, மனைவி சைனம்பு குறுக்கே நின்று தடுத்தும் கேளாமல், சலவை வேட்டி சட்டையோடு அகரத்துக்குக் கிளம்பினார்.

"என்னங்க, பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

"கேட்டேன். வாயைத் தெறக்க மாட்டேங்குறான். நான் என்ன பண்ண?"

"பேசக்கூடாதுன்னு அவுகளுக்குச் சட்டம் இருக்காம்ல."

"வீட்டுக்குள்ளயுமா சட்டம்? நீ வழியை விடு."

உள்ளறையில் மகன் ஃபாரிஸ், இடது கால் முழுக்க மாவுக்கட்டோடு, வலி மாத்திரை போட்டு அசந்து கிடந்தான். வாசலில் நடந்த பேச்சு அவன் காதில் விழவில்லை.

ஃபாரிஸ் விமானப்படையில் இருந்தவன். அங்கேயே சோதனை விமானிக்கான படிப்பும் படித்துத் தேறி, பிறகு வெளி மாநிலத்தில் புதிதாக விமானம் செய்யும் ஒரு தனியார் கம்பெனிக்குப் போனான். விமானம் ஓட்டப் பழகுகிற பிள்ளைகளுக்காக, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அகரத்து நாச்சிமுத்துவின் மகன் அஜித்தை அந்தக் கம்பெனிக்கு இழுத்தவனும் அவன்தான். இரண்டு பேரும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அஜித் இன்ஜினியர். ஃபாரிஸ் முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவான். அஜித் பின் சீட்டில் உட்கார்ந்து கருவிகளைப் பார்த்து, விமானம் என்ன செய்கிறது என்று தரையில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவான்.

போன பெருநாளைக்கு அஜித் வந்திருந்தான். அவனும் பக்ருதீனை அத்தா என்றுதான் கூப்பிடுவான். சாப்பிட்டுக்கொண்டே தங்கள் வேலையைப் பற்றிச் சொன்னான்.

"வேணும்னே மேல கொண்டுபோயிச் சுத்த விடுவோம் அத்தா. பம்பரம் கணக்கா மூக்கைக் கீழ போட்டுச் சுத்திக்கிட்டே எறங்கும். அதுலருந்து ஒங்க மகன் அதை மீட்டுக் கொண்டாரணும். மீளுதா, எப்படி மீளுதுன்னு நான் பாத்துச் சொல்லணும்."

"என்ன கருமத்துக்கு அப்பு வேணும்னே சுத்த விடுறீங்க?"

"நாளைக்குச் சின்னப் பிள்ளைக அதுல ஏறிப் பழகப்போகுதுக. அதுக தெரியாமச் சுத்த விட்டுட்டா? மீளும்னு நாங்க மொதல்ல பாத்து வைக்கணும்ல."

"மீளலைன்னா?"

"வால்ல ஒரு பாராசூட் கட்டியிருக்கு. அதை விரிச்சா சுத்துறது நின்னுரும்."

"அதுவும் விரியலைன்னா?"

அஜித் சிரித்தான். "எங்க முதுகுல ஆளுக்கு ஒண்ணு இருக்கு. ஒரு உசரம் குறிச்சு வச்சிருக்கோம். அதுக்குக் கீழ வந்துட்டா பிளேனை விட்டுறணும். குதின்னு ஒங்க மகன் சொல்லுவான். சொன்னா, ஏன்டான்னு நான் கேக்கமாட்டேன். பள்ளிக்கூடத்துல செவர் ஏறிக் குதிச்சப்பவும் இவன் சொல்லித்தான் குதிச்சேன். அன்னைக்கும் இவன் மாட்டல, நான்தான் மாட்டினேன்."

"நல்ல வார்த்தையாப் பேசு அப்பு" என்று சைனம்பு அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வெஞ்சனத்தை அள்ளி வைத்தாள்.

அவன் சொன்ன அத்தனையும் ஒரு காலையில் நடந்துவிட்டது. சுழலவிட்ட விமானம் மீளவில்லை. வாலில் கட்டிய பாராசூட்டும் விரியவில்லை. அஜித் போய்விட்டான். ஃபாரிஸ் உயிரோடு கிடைத்தான். பக்ருதீனும் சைனம்புவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் கண் விழிக்கக் காத்துக் கிடந்தபோது, அஜித்தின் உடல் அகரத்துக்குப் போய் எரிந்தும் முடிந்தது. அந்த வீட்டுத் துக்கத்தில் ராவுத்தர் வீட்டு ஆள் ஒருவரும் தலை காட்டவில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

மகனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒருநாள் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு டீக்கடையில் நின்றார். சொந்தக்காரர் அப்துல் ஹக்கீமும் அங்கே இருந்தார். ஹக்கீம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கிளாஸைப் பார்த்துச் சொன்னார்.

"கப்பல்ல கேப்டன்தான் கடைசியா எறங்குவாராம். பிளேன்ல எப்படி வச்சிருக்காகளோ, நமக்கென்ன தெரியும்."

பக்ருதீன் டீயைக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

"நீதானே கேப்டன்?"

"ஆமாத்தா."

"அப்ப அவன் எப்படிப் போனான், நீ எப்படி வந்த?"

ஃபாரிஸ் கண்ணை மூடிக்கொண்டான். "விசாரணை நடக்குதுத்தா. முடியிற வரைக்கும் அன்னைக்கு நடந்ததை நான் யார்கிட்டயும் பேசக்கூடாது. எழுதி வாங்கியிருக்காக."

"நான் யாரோவா?"

"நீங்களும்தான்."

பக்ருதீன் எழுந்து போய்விட்டார். பெற்ற அப்பனிடம் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறதென்றால் அது நல்லதாக இருக்காது என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. தவறு செய்யாதவனுக்கும் பேசக்கூடாத ஒரு காலம் உண்டு என்பது அவர் வாழ்ந்த வாழ்க்கையில் இல்லை.

அகரத்தில் நாச்சிமுத்துவின் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தது. பங்காளிகளும் மாமன் மச்சான்களும் நிறையப் பேர். பக்ருதீனைப் பார்த்ததும் நாச்சிமுத்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அஜித்தின் தாய் ராமுத்தாய் உள்ளேயிருந்து வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"வாங்கண்ணே. ஃபாரிசு எப்படி இருக்கு? சோறு தண்ணி எறங்குதா?"

"இருக்கான்மா."

"கால் ஊனி நடந்ததும் கூட்டிட்டு வாங்க. எம்பிள்ளை கடைசியா என்ன பேசுனான்னு அது வாயால கேக்கணும். யாரு யாரோ வந்து என்னென்னமோ சொல்றாக. எனக்கு அது வந்து சொல்லணும். அதுக்காகத்தான் உசுரை வச்சிருக்கேன்."

அந்த இடத்தில் அவர் சரியென்று சொல்லித் திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் வந்த காரியம் வேறு. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, பந்தலுக்கு நடுவில் போய் நின்றார். பேச்சு அடங்கியது.

"என் மகன் கேப்டன். அவன்தான் கடைசியா எறங்கியிருக்கணும். ஒங்க பிள்ளை போயி அவன் உசுரோட வந்திருக்கான்னா, அது எங்க வீட்டுக் குத்தம். நீங்க கேக்குறதுக்கு முந்தி நான் வந்து நிக்கிறேன். எங்களை மன்னிக்கணும்."

நாச்சிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. "என்ன ராவுத்தரே சொல்றீக? பாராசூட்டு விரியலைன்னுதான எங்ககிட்டச் சொன்னாக. ஃபாரிசு முந்திக் குதிச்சிருச்சா? அதுவே சொல்லுச்சா?"

பக்ருதீன் தலை குனிந்தார். அவருடைய வாழ்நாளில் ஊரார் முன்னால் அவர் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை. பந்தலில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

ராமுத்தாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப எம்பிள்ளையை உள்ள விட்டுட்டா குதிச்சான்?" என்றாள். அதுவரை ஃபாரிஸை அது, இது என்று தன் பிள்ளையைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தவள். பிறகு தரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தூற்றினாள். அஜித்தின் தங்கை தமிழ்மதி ஓடிவந்து தாயைத் தூக்கினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பக்ருதீனுக்கு ராமுத்தாய் மண்ணை அள்ளியது கண்ணிலேயே நின்றது. ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற நிம்மதியும் இருந்தது. தன் அத்தா இருந்தால் மெச்சியிருப்பார் என்றுகூட நினைத்தார்.

மறுநாள் தமிழ்மதி ஃபாரிஸுக்குப் போன் செய்தாள். அவள் பேசியது கொஞ்சம்தான். போனை வைத்துவிட்டு அவன் அத்தாவைக் கூப்பிடச் சொன்னான்.

"அங்க போயி என்ன சொன்னீங்க?"

பக்ருதீன் சொன்னார், ஒரு சொல் விடாமல்.

ஃபாரிஸ் கேட்டு முடித்தான். மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாமேத்தா."

"கேட்டேனே."

"எங்க கேட்டீங்க? நாற்காலியைப் போட்டுத் தீர்ப்புச் சொன்னீங்க."

"சரி, இப்பவாச்சும் சொல்லு."

"விசாரணை முடியட்டும்" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பிடிவாதத்தில் அவன் வேறு யாருடைய பிள்ளையும் இல்லை.

மாவுக்கட்டுப் பிரித்து, கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய சமயத்தில்தான் விசாரணை முடிந்தது. கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். முதலில் அகரத்துக்குப் போய்விட்டு, பிறகு பேகம்பூருக்கு வந்தார். விமானி சொன்னது, தரையில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சொன்னது, கருவிகள் காட்டியது எல்லாம் ஒன்றாகவே இருக்கிறது என்றார். குதி என்ற உத்தரவு சரியான உயரத்தில் வந்திருக்கிறது. அஜித் முதலில் குதித்திருக்கிறான். சுழன்று வந்த வால் அவனை அடித்துவிட்டது. அவன் வெளியேறும்வரை ஃபாரிஸ் விமானத்தை விடவில்லை. ஃபாரிஸ் குதித்தபோது, பிழைப்பதற்கு வேண்டிய உயரம் மிச்சம் இல்லை. பிழைத்தது எப்படி என்று தங்களுக்கே தெரியவில்லை என்று சொல்லி, எழுந்து நின்று ஃபாரிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சைனம்பு கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பக்ருதீன் அதிகாரியை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து மகன் முகத்தைப் பார்க்க முடியாமல், செருப்பைக்கூட மாட்டாமல் அப்படியே அகரம் பஸ் ஏறினார்.

நாச்சிமுத்து சம்பங்கித் தோட்டத்தில் நின்றிருந்தார். பக்ருதீன் வரப்பில் நின்றே சொன்னார்.

"நான் சொன்னது தப்பு நாச்சிமுத்து. என் மகன்தான் கடைசியா வந்திருக்கான். ஆபீசர் இங்கயும் வந்து சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு. காப்பித்தண்ணி குடுத்து அனுப்பிச்சேன்." நாச்சிமுத்து பூக்கூடையைக் கீழே வைத்தார். "கம்பெனிக்காரவுக அவுக ஆளை விட்டுக்குடுப்பாகளா ராவுத்தரே? நீங்க பெத்த மகனையே விட்டுக்குடுத்துச் சொன்னீக. அம்புட்டு சனத்துக்கு முன்னாடி. இதுல யாரு சொல்லை நான் எடுக்க?"

"நான் தெரியாமச் சொல்லிட்டேன்யா."

"தெரியாமச் சொல்ற ஆளா நீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"தங்கச்சி ராமுத்தாயையாவது ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"வேணாம்." நாச்சிமுத்து வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இப்பத்தான் செத்த நேரம் உக்காந்து ரெண்டு வாய் தின்கிறா. ஒங்க மகனை வஞ்சுக்கிட்டேதான் தின்கிறா. யாரையாச்சும் வைய வேணும்ல அவளுக்கு. அதையும் புடுங்கிட்டா அவ என்னாவா? எனக்கு மனசுக்குள்ள ஒரு பக்கம் தோணத்தான் செய்யுது, அந்தப் பையன் அப்படிச் செஞ்சிருக்காதுன்னு. அதை வச்சுக்கிட்டு இனிமே நான் என்ன செய்ய? போயிட்டு வாங்க."

பக்ருதீன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் வாடகைக் கார் நின்றது. ஃபாரிஸ் கம்பெனிக்குத் திரும்பிக் கிளம்பிக்கொண்டிருந்தான். இனி அந்தக் காலை வைத்துக்கொண்டு அவனால் விமானம் ஓட்ட முடியாது. அடுத்த விமானம் தயாராகிறது, அதையும் சுழலவிட்டுப் பார்க்க வேண்டும், தரையில் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"அகரத்துக்கா போனீங்க?" என்று கேட்டான். "அஜித் அம்மா என்னைய வரச் சொன்னாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். "இல்லப்பா" என்றார்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். சைனம்பு கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பையில் வைத்தான்.

"அஜித் கடைசியா என்னப்பா சொன்னான்?" பக்ருதீன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்டச் சொல்லு. நான் எப்படியாச்சும் அந்தத் தங்கச்சி காதுல போட்டுர்றேன்."

"அது அவங்க அம்மாவுக்குன்னு அவன் சொன்னதுத்தா."

"என்னை நம்பிச் சொல்லமாட்டியா?"

"நீங்க சொன்னா அவங்க நம்புவாங்க. அது எனக்குத் தெரியும்." ஃபாரிஸ் கைத்தடியைக் காருக்குள் போட்டுவிட்டு, வலித்த காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான். "ஆனா நான்தான் போயிச் சொல்லணும். அவங்க என்னைய உள்ள விடணும். அது இனிமே நடக்காது. விடுங்க."

"ஃபாரிஸ்..."

"கதவைச் சாத்துங்கத்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பக்ருதீன் சாத்தினார். கதவு சரியாகப் பொருந்தவில்லை. ஃபாரிஸ் அதை உள்ளிருந்து திறந்து, தானே மறுபடி இழுத்துச் சாத்திக்கொண்டான்.