சிகுசாவின் நாலு மணி

துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கும் அல் ஐன் நகரில் ஹோட்டல்காரர்கள் சிகுசாவுக்காக ஒரு கிமோனோவை வாடகைக்கு எடுத்து, இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மதிய விருந்துக்கு 'ஜப்பானிய டிஜே' என்று வாசலில் ஆளுயரப் படம். படத்தில் இருந்தது சிகுசா இல்லை. இணையத்தில் அகப்பட்ட வேறு யாரோ ஒரு பெண்.

சிகுசா நமிகாவா படத்தைப் பார்த்தாள், கிமோனோவைப் பார்த்தாள், லேசாகத் தலைகுனிந்து "சரி" என்றாள். எதற்கும் சரி என்று சொல்லிவிடுகிற சுபாவம். கூட வந்திருந்த அருணாவுக்குத்தான் ஆத்திரம் வந்தது.

இருவரும் துபாயில் ஒரே விமான நிறுவனத்தில் பணிப்பெண்கள். கம்பெனி கொடுத்த ஃபிளாட்டில் ஆறு வருடமாக ஆளுக்கொரு அறை, நடுவில் பொதுவாக ஒரு ஹால். அருணாவுக்கு அருப்புக்கோட்டை. சிகுசாவுக்கு ஜப்பானின் வடக்கே ஹகோடாடே துறைமுகம். இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு எலெக்ட்ரானிக் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறாள். முந்நூறு பிரதி போட்டதில் முக்கால்வாசி அவள் அப்பாவின் மீன் கிடங்கிலேயே தங்கிவிட்டது. வெளியிட்ட கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அதன்பிறகுதான் இந்த வேலை. ஆனாலும் அவள் இசையை விடவில்லை. டூட்டி முடிந்து வந்ததும் கொண்டையைக்கூட அவிழ்க்காமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஆறு வருடத்தில் நாற்பது பாட்டுக்கு மேல் சேர்ந்திருந்தன. கேட்ட ஒரே ஆள் அருணா.

அல் ஐன் நிகழ்ச்சியைப் பிடித்ததும் அருணாதான். ஆபீஸில் நாலு முறை நடந்து, வெளியில் வாசிக்க என்.ஓ.சி. என்ற அனுமதிக் கடிதம் வாங்கியதும் அவள்தான்.

மேடையில் மிக்ஸர் கருவிக்குப் பின்னால் போய் நின்ற சிகுசா, கருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அருணா போய் எட்டிப் பார்த்தாள். கருவியிலிருந்து ஒரு ஒயர்கூட வெளியே போகவில்லை.

"இது எதோட கனெக்ட் ஆகியிருக்கு?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

அவர் சிரித்தார். "எதுக்கு மேடம்? பாட்டு எங்க கம்ப்யூட்டர்ல ஓடும். அவங்க கிமோனோ போட்டுட்டு பட்டனைத் திருகுற மாதிரி நின்னா போதும். நடுநடுவுல கையை மேலே தூக்கணும்."

சிகுசாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள் உதடு 'சரி' சொல்லப் பிரிவதை அருணா பார்த்துவிட்டாள்.

"முடியாது," என்றாள் அருணா. "நாங்க கிளம்புறோம். கலாஸ், அவ்வளவுதான்."

மேனேஜர் கத்தினார், கெஞ்சினார், மறுபடி கத்தினார். அருணா காதில் போட்டுக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு சிகுசாவின் கையைப் பிடித்து வெளியே வந்துவிட்டாள். வெளியே வந்த பிறகுதான், ஹோட்டல் வண்டியில் வந்ததால் துபாய்க்குத் திரும்ப வண்டி இல்லை என்பது உறைத்தது.

பின்வாசலில் ஒரு பிக்கப் நின்றிருந்தது. அதில் சாய்ந்து நின்ற ஆள் தமிழில் கூப்பிட்டார். "தங்கச்சி, துபாய்க்கா? ஏறுங்க. நானும் அங்கதான் போறேன்."

சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடும் சுஐபு அவர். கீழக்கரைக்காரர், துபாய் அல் கூஸில் கிடங்கு வைத்திருப்பவர். ஹோட்டலுக்கு ஸ்பீக்கர் கொண்டுவந்து இறக்கியதும் அவர்தான். ஒயர் மாட்ட வேண்டாம் என்று மேனேஜர் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு இருந்தவரும் அவர்தான்.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்," என்றார் வண்டியை ஓட்டிக்கொண்டே. "ஒயர் இல்லாம ஒரு ஆளை மேடையில நிறுத்தினது இதுதான் முதல் தடவை. வெக்கமா இருக்கு தங்கச்சி. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிருங்க."

அருணா ஆங்கிலத்தில் சொன்னாள். சிகுசா பின்சீட்டிலிருந்தே குனிந்து வணங்கினாள்.

"சரி, அது போட வந்த பாட்டைப் போடச் சொல்லுங்க. கேப்போம்."

சிகுசா போனை வண்டியின் ஸ்பீக்கரில் இணைத்தாள். இரண்டு நிமிடம் சுஐபு சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். மூன்றாவது நிமிடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஏ.சி.யையும் இன்ஜினையும் அணைத்துவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். வெளியே வெயில் கொளுத்தியது. மூவருக்கும் வியர்த்து ஊற்றியது.

"அடியில ஒரு சத்தம் உருளுது பாருங்க, அது என்ன மெஷினு?"

சிகுசா விளக்கினாள். விமானம் தரையிறங்குமுன் சக்கரத்தை இறக்குகிற சத்தம் அது. விடுமுறையில் பயணியாகப் போகும்போதெல்லாம் காலடியில் ஒரு சின்ன மைக்கை வைத்துப் பதிவு செய்வாளாம். அப்படி எழுபது தரையிறக்கம் வைத்திருந்தாள்.

சுஐபு அருணாவைத் திரும்பிப் பார்த்தார். "இதை இந்த ஓட்டை ஸ்பீக்கர்ல கேக்குறது பாவம். ஞாயித்துக்கிழமை கிடங்குக்குக் கூட்டிட்டு வாங்க. எங்கிட்ட இருக்கிறதிலேயே பெரிய ஸ்பீக்கர் பெட்டியை இறக்குறேன்."

பெட்டிகள் வாடகைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டிலிருந்து பத்துவரை அந்தக் கிடங்கு சிகுசாவுடையதாயிற்று. ஹெட்ஃபோனில் நன்றாக இருந்த பல பாட்டுகள் பெரிய பெட்டியில் குழைந்துபோயின. அவள் அழவில்லை. பிரித்துப் போட்டு மறுபடி கட்டினாள். பக்கத்து டயர் கடைப் பையன்களும் பெயின்ட் கடைக்காரர்களும் ஷட்டர் அருகே டீயோடு வந்து நிற்பார்கள். பாட்டின் எந்த இடத்தில் அவர்கள் டீயைக் கீழே வைக்கிறார்கள் என்று கவனித்து, அந்த நிமிடத்தை நோட்டில் குறித்துக்கொள்வாள். எட்டு மாதம் இப்படிப் போனது.

அந்தப் பாட்டுகளில் ஐந்தை அவளே இணையத்தில் வெளியிட்டாள். அருணா ஓய்வு நாட்களில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் மெயில் அனுப்பினாள். கடிதத்தின் கீழே 'மேனேஜர்' என்று தானே போட்டுக்கொண்டாள். தொண்ணூறு மெயிலுக்கு ஒரு பதில் வந்தது. ரியாத்தில் டிசம்பரில் நடக்கும் ஓர் இசைவிழாவுக்குக் கலைஞர்களைத் தேர்வு செய்கிற ஆமிரா என்ற பெண், ஐந்து பாட்டையும் கேட்டுவிட்டு, சின்ன மேடையில் மாலை நாலு மணிக்கு ஒரு மணி நேரம் தருவதாக எழுதியிருந்தாள். ஐந்து மணிக்கு, சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்காக எல்லா மேடையிலும் இசை நின்றுவிடும். அதற்குமேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

விழா நடக்கும் வாரம் சிகுசாவுக்கு விமான டூட்டி போட்டிருந்தார்கள். லீவு கிடைக்கவில்லை. அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அரிசி களைந்து உலையில் போட்ட பிறகுதான் அருணாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, யோசின்னு சொல்லியிருப்பே," என்றாள் சிகுசா. "யோசிச்சா நான் போக மாட்டேன்."

ரியாத்தில் அந்த மாலை வெயில் இதமாக இருந்தது. சின்ன மேடைக்கு முன்னால் விரித்திருந்த கம்பளங்களில் ஐம்பது பேர்கூட இல்லை. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து அரபுக் காபியான கஹ்வா குடித்துக்கொண்டிருந்தார்கள். சிகுசாவுக்கு ஒலி பார்க்கக் கிடங்கைப் பூட்டிவிட்டு வந்திருந்த சுஐபு, மதியமே எல்லா ஒயரையும் கையால் தொட்டுப் பார்த்து முடித்திருந்தார்.

மூன்றே முக்காலுக்கு மேடைப் பொறுப்பாளர் ஹசன் அலி ஓடிவந்தார். "மேடம், இப்ப வாசிக்கிறவர் இன்னும் அரை மணி நேரம் கேக்குறாரு. பெரிய ஆளு. நீங்க நாலரைக்கு ஏறிக்கலாமா? கடைசி அரை மணி உங்களுக்கு."

அருணா வாயைத் திறப்பதற்குள் சிகுசா முன்னால் வந்தாள். இந்த முறை குனியவில்லை.

"முடியாது," என்றாள். "என் நேரம் நாலு மணி."

"மேடம், அவரு யாருன்னு..."

"நாலு மணி."

சொன்னபடி படியேறினாள். வாசித்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் நின்று, சும்மா கிடந்த மூன்றாவது பிளேயரில் தன் பென்டிரைவைச் செருகினாள். கடிகாரம் நாலைத் தொட்டதும், அவர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே தாளத்தில் தன் பாட்டைக் கீழிருந்து ஏற்றினாள். இரண்டும் துளி பிசகாமல் ஒட்டிக்கொண்டன. அந்த மனிதர் முதலில் முறைத்தார். பிறகு காது கொடுத்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி, தன் பாட்டைத் தானே மெல்ல இறக்கிவிட்டு, அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தார்.

அப்போதுதான் அந்தச் சக்கரச் சத்தம் வந்தது. அடிவயிற்றில் ஏதோ கனமாகத் திறந்து உருண்டு பூட்டிக்கொள்கிற மாதிரி. கம்பளத்தில் வைத்திருந்த கஹ்வா கோப்பைகள் நடுங்கின. ஒரு சிறுமி எழுந்து நின்றாள். அவளைப் பிடிக்க எழுந்த அப்பாவும் உட்காரவில்லை. பெரிய மேடைக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் வழியில் நின்று திரும்பியது. நாலேகாலுக்குக் கம்பளங்களைச் சுருட்ட வேண்டியதாயிற்று. நாலரைக்குக் காவலர்கள் தடுப்பை நகர்த்திவைத்தார்கள். அபாயா அணிந்த பெண்கள், கல்லூரிப் பையன்கள், மஞ்சள் சட்டையோடு வேலையாட்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் குதித்தார்கள்.

சிகுசா கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையும் கருவியில்தான் இருந்தன. தாங்க முடியாமல் கையைத் தூக்கிக் கத்தியது அருணா.

"தங்கச்சி, தலையை எண்ண முடியலை!" என்று சுஐபு பின்னாலிருந்து கூவினார். அவர் கண் கலங்கியிருந்தது. "பெட்டி தாங்குது, பயப்படாதீங்க, இன்னும் ஏத்தச் சொல்லுங்க!"

நாலு ஐம்பத்தொன்பதுக்குச் சிகுசா எல்லாச் சத்தத்தையும் ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் மெல்லிய ஒரு மணியோசையை மட்டும் விட்டு அதையும் நிறுத்தினாள். பிறகு எழுந்த ஆரவாரம் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கும்வரை ஓயவில்லை. ஆமிரா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சிகுசாவைக் கட்டிக்கொண்டாள். "அடுத்த வருஷம் பெரிய மேடை. கடைசி நாள், கடைசி இடம் உனக்கு. இப்பவே சொல்லு."

சிகுசா அருணாவைப் பார்த்தாள். "மேனேஜரைக் கேளுங்க," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

மறுநாள் மதியம் ரியாத்தின் பத்தா பகுதியில் ஒரு தமிழ் மெஸ்ஸில் மூவரும் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோஹாவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் வந்த மெயில்களை அருணா ஒரு கையால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா அழைத்தாள்.

"ஏன்டி, நீயும் வேலையை விடப் போறியாமே? இனி என்ன பொழப்பு?"

"மேனேஜர்மா. என்கூட இருக்காளே ஜப்பான்காரி, அவளுக்கு."

"அவ என்ன பண்றா?"

"பாட்டு போடுறாம்மா. பெரிய பெட்டி வச்சு, ஆயிரக்கணக்கான ஜனத்துக்கு."

"ரேடியோ செட்டா?"

"அதேதான்."

"அப்ப நல்ல தொழில்தான்," என்றாள் அம்மா பஞ்சவர்ணம். "நம்ம தெருவுல விசேஷம்னா மொதல்ல சொல்லிவிடுறது ரேடியோ செட்டுக்காரனுக்குத்தானே. அந்தப் புள்ளை சாப்பிட்டுச்சா? போனைக் குடு."

அருணா போனை நீட்டினாள். சிகுசா கையில் குருமாவோடு எழுந்து நின்று, போனுக்கு முன்னால் நன்றாகக் குனிந்து வணங்கினாள்.