வலம் வந்தால் வீடாகும் வேன்

அப்பாசாமியின் வேனுக்குக் குளியலறை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தக்காளி விலை ஏறி, முருங்கைக்காய் விலை இறங்கியிருந்த வாரம் அது. டவுனுக்குப் போய் கேஸ் சிலிண்டர் வாங்கிக்கொண்டு வந்த அப்பாசாமி பின்கதவைத் திறந்தபோது, ஸ்டெப்னி டயர் இருந்த இடத்தில் ஓர் அறை இருந்தது. உள்ளே நீல நிற வாளி, குழாய், வெஸ்டர்ன் கக்கூஸ், சுவரில் சோப்பு வைக்க ஒரு தட்டு. டயர் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி திரௌபதி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குழாயைத் திறந்தாள். வந்த தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "உப்பு இல்ல, நல்லாத்தான் இருக்குது" என்றாள். அது எங்கிருந்து வருகிறது என்று இருவரும் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் வாடகை வீடுகளில் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தே களைத்துப் போயிருந்தார்கள்.

அந்த வேன், ரமணாசிரமத்துக்கு வருஷம் தவறாமல் வந்துபோன ஒரு வெள்ளைக்கார அம்மாவுடையது. ஊர் ஊராக அவரை ஓட்டிக்கொண்டு போனவர் அப்பாசாமி. முட்டி வலி வந்து இனிமேல் பயணம் வேண்டாம் என்று அந்த அம்மா முடிவு செய்தபோது, வண்டியை அப்பாசாமி பேருக்கே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு விளக்கத்தையும் கொடுத்தார். படுக்கையை மடித்தால்தான் சமைக்க முடியும், ஒதுங்க வேண்டுமென்றால் இறங்கித்தான் போக வேண்டும் என்றால் அது கேம்பர் வேன். டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து நடந்தே கக்கூஸ் போகலாம், படுக்கை படுக்கையாகவே இருக்கும் என்றால் அது மோட்டார் ஹோம். ஒன்று படுக்கை வைத்த வண்டி, மற்றது சக்கரம் வைத்த வீடு. அப்பாசாமி இதைக் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

திரௌபதி இட்லி மாவு அரைத்து விற்பவள். ரமணாசிரமம் பக்கத்தில் அவள் குடியிருக்காத சந்து இல்லை. தீபம் முடிந்து சீசன் ஆரம்பித்ததும், "வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்கம்மா, காலி பண்ணிக்குங்க" என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து நிற்பார். இப்படியே பல வருஷம் போனதில், மார்கழி பிறந்தால் அவளுடைய கிரைண்டர் யாரும் தள்ளாமலே வாசலை நோக்கி நகர ஆரம்பித்துவிட்டது. கடைசியாகக் காலி செய்த வீட்டில், வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே அது தெருவில் நின்றது. அதற்குமேல் வேறு வீடு தேடாமல், ஆதி அண்ணாமலையில் ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தி அதிலேயே குடியிருந்தார்கள். கிரைண்டருக்குப் பக்கத்து டீக்கடையில் கரண்ட் வாங்கிக்கொண்டாள்.

அவர்களுடைய ஒரே மகள் ஆர்த்தியை மலைக்கு அந்தப் பக்கம் இருந்த வேங்கிக்காலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம் வந்தபோது, வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதைப் பற்றி திரௌபதி பேசப் போனாள். சம்மந்தி அருணாதேவி காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "முறைதான் சம்மந்தி, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா தாய் வீடு இன்னிக்கு எந்த ரோட்டுல நிக்குதுன்னு விசாரிச்சில்ல அனுப்பணும்? ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா என் பேரப்பிள்ளை அங்கயே குதிச்சுடும்." பிறகு குரலைத் தணித்து, "உள்ளயே பாத்ரூம், அவ கால நீட்டிப் படுக்க ஒரு ரூம். ரெண்டும் இருந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா பிரசவம் எங்க வீட்லதான்" என்றாள். அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. அதனாலேயே திரௌபதி அந்தக் காபியைப் பாதியிலேயே கீழே வைத்தாள்.

அதற்கடுத்து வந்ததுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. எப்போதும் போன வழியே திரும்பும் அப்பாசாமி, அன்று ரோடு அடைத்திருந்ததால் ஆசிரமத்துப் பக்கமாகச் சுற்றி வந்திருந்தார். கிரிவலம் போகிறவர்களுக்கு இருப்பதுபோல, வழி முழுக்க மலை அவருடைய வலது கைப்பக்கமே இருந்திருக்கிறது. மறுநாள் வேண்டுமென்றே அப்படியே சுற்றினார், சமையல் மேடை வந்தது. அதற்கடுத்த நாள் ஜன்னல் வைத்த ஓர் அறை வந்தது. வண்டி வெளியே இருந்து பார்க்க அதே அளவுதான். திரௌபதி ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்தாள்.

வளைகாப்பு நாள் காலை, கண்ணாடி வளையல் வாங்க டவுனுக்குப் போன அப்பாசாமி அவசரத்தில் ஆசிரமத்து வழியாகப் போய், ஈசான்ய லிங்கத்து வழியாகத் திரும்பினார். மலை இடது கைப்பக்கம் இருந்தது. வந்து கதவைத் திறந்தால் மடக்குப் படுக்கை, ஒற்றை அடுப்பு, பழைய இடத்தில் ஸ்டெப்னி டயர். டயருக்குமேல் பூப்போட்ட திரை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"புத்தி எங்க போச்சுங்க உங்களுக்கு?"

"வளையல் உடையாம வரணும்னே நெனச்சுட்டு வந்தேன்டி. மலை எந்தப் பக்கம் இருந்துதுன்னு பாக்கல."

இனி வேங்கிக்கால் போய்த் திரும்பும் அந்த ஒரு சுற்றுக்குத்தான் நேரம் இருந்தது. ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் வரும். குளியலறையா, அறையா என்று வேங்கிக்கால் போய்ச் சேரும்வரை திரௌபதி மனசுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். வளைகாப்பு நன்றாக நடந்தது, எலுமிச்சை சாதத்தில் மட்டும் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆர்த்தியைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தபோது, அருணாதேவி முந்திக்கொண்டு போய் வேன் கதவைத் திறந்தாள்.

"பாத்ரூம் இருக்குதுன்னு சொன்னீங்களே சம்மந்தி?"

"வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடும்."

"வந்துடுமா? எங்க போயிருக்குது?"

"இடப்பக்கமா சுத்திட்டாருங்க" என்றாள் திரௌபதி. அதற்குமேல் மழுப்ப அவளுக்குத் தெம்பு இல்லை.

அருணாதேவி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். இடப்பக்கமாகச் சுற்றினால் ஏதாவது ஆகும் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "நானும் வர்றேன். வரலேன்னா இதே வண்டியில திரும்பிடுவோம்" என்று மடக்குப் படுக்கையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

டவுன் வழியாக, செங்கம் ரோடு வழியாக, மலையை வலது கைப்பக்கம் வைத்தபடி அப்பாசாமி மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். அதுவரை அவர் தனியாக மட்டுமே சுற்றியிருந்ததால், வண்டி தலைக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருப்பது யாருக்கும் தெரியாது. புளியமரம் கண்ணில் பட்டதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உள்ளுக்குள் அகன்றது. அப்பாசாமிக்குக் குளியலறை வந்தது. திரௌபதிக்குச் சமையல் மேடை. ஆர்த்திக்கு ஜன்னல் வைத்த அறை, கால் நீட்டிப் படுக்கக் கட்டிலோடு. கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஓர் இரும்புக் கொக்கி, புடவைத் தொட்டில் கட்டுகிற மாதிரி. அது யாருக்கு வந்தது என்று புரிந்ததும் ஆர்த்தி வயிற்றைத் தடவிக்கொண்டாள், வளையல்கள் குலுங்கின. கடைசியில் ஒரு சின்ன அறை இருந்தது. அதன் கொடியில் அருணாதேவி வேங்கிக்காலில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய வாயல் புடவை தொங்கியது. அவள் உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தாள். "ஃபேன் சத்தம் போடுதே" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

குழந்தை பெரியாஸ்பத்திரியில் பிறந்து, புளியமரத்தடிக்கு வந்து, அந்தக் கொக்கியில் கட்டிய தொட்டிலில் தூங்கியது. கவிநிலா என்று பேர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் ஆர்த்தி குழந்தையோடு வேங்கிக்காலுக்குத் திரும்பினாள். அருணாதேவி திரும்பவில்லை. மகன் இரண்டுமுறை வந்து கூப்பிட்டுவிட்டு, மூன்றாம்முறை அவளுடைய தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

எஃப்.சி. காட்டும் நாள் வந்தால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அப்பாசாமி மலையை இடப்பக்கம் வைத்து ஒரு சுற்று சுற்றி, வண்டியைச் சின்னதாக்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவார். வந்ததும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வலமாக ஒரு சுற்று சுற்றினால் அறைகள் திரும்பிவிடும். "சீக்கிரம் வாங்கண்ணா, என் பிரஷர் மாத்திரை ரூம்ல இருக்குது" என்று அருணாதேவி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து குரல் கொடுப்பாள்.

"இது கேம்பர் வேனா, மோட்டார் ஹோமாய்யா?" என்று ஒருமுறை இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இன்னிக்கு கேம்பர் வேனுங்க சார்."

அவர் உள்ளே குனிந்து அண்ணாந்து பார்த்தார். "இது இன்னா?"

"தொட்டில் கொக்கிங்க. எந்தப் பக்கம் சுத்தினாலும் அது மட்டும் போகறதில்ல."

இன்ஸ்பெக்டர் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பிறகு தொங்கியும் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்குது" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷமும் தீபம் முடிந்து மார்கழி பிறந்தது. ஆசிரமத்துப் பக்கம் ஜனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரௌபதி அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, ஒரு கண்ணைக் கிரைண்டர்மேல் வைத்திருந்தாள். அது இருந்த இடத்திலேயே நின்று மாவு அரைத்துக்கொண்டிருந்தது.